'ரிசைன்' யார் செய்கிற காரியம்?

"கம்பெனி அவரை ரிசைன் பண்ணிட்டாங்களாம்!" பிரட்டுக் களத்திலும் கடைத்தெருவிலும் நாம் இப்படிப் பேசிக்கொள்கிறோம். பேச்சில் போனால் போகட்டும். காகிதத்தில் வந்தால் ஆபத்து.

'ரிசைன்' என்றால் தன் வேலையிலிருந்து தானே விலகுவது. மலாயில் 'லெத்தாக் ஜாவாத்தான்' என்பார்களே, அதேதான். நமக்குப் பதிலாக இன்னொருவர் சாப்பிட முடியுமா? அதுபோல, நம்மை இன்னொருவர் 'ரிசைன் பண்ண' முடியாது. 'ஐ ரிசைன்' என்பது சரி. 'தி கம்பெனி ரிசைண்ட் மீ' என்பது பிழை. கம்பெனி நிறுத்தினால் அதற்குரிய சொல் 'டெர்மினேட்'.

எப்படியும் வேலை போச்சு, சொல்லில் என்ன இருக்கு என்கிறீர்களா? பணம் இருக்கிறது!

தீபகற்ப மலேசியாவில், தோட்டத்தை மூடி ஆளை நிறுத்தினால், 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி நட்டஈடு உண்டு. குறைந்தது 12 மாதம் தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். 2 வருஷத்துக்குக் குறைந்த சேவைக்கு, வருஷத்துக்கு 10 நாள் சம்பளம். 2 முதல் 5 வருஷத்துக்குள் 15 நாள். 5 வருஷமும் அதற்கு மேலும் 20 நாள். அப்படியானால் 20 வருஷம் பால் வெட்டியவருக்கு 400 நாள் சம்பளம்! அவரே விருப்பப்பட்டு 'ஐ ரிசைன்' என்று கையெழுத்து வைத்தால் இந்த நட்டஈடு கிடையாது. சேமநிதிப் பணம் மட்டும் எப்படியும் அவருடையதே.

ஆகவே ஆபீசில் காகிதம் நீட்டினால் அவசரப்படாதீர்கள். ஆர், இ, எஸ், ஐ, ஜி, என் என்ற எழுத்துகள் சேர்ந்து நிற்கின்றனவா என்று பாருங்கள். 'ஜி' எழுத்தில் இருக்கும், வாயில் வராது. இந்தச் சொல்லைப் பிள்ளைகளை எழுதிக் காட்டச் சொல்லிக் கண்ணில் பதித்துக்கொள்ளுங்கள். மலாய்க் காகிதமானால் 'லெத்தாக் ஜாவாத்தான்' என்று இருக்கிறதா பாருங்கள்.

இருந்தால், "கிராணி ஐயா, வீட்டுல காட்டிப் படிச்சிட்டு வர்றேன்" என்று மரியாதையாகச் சொல்லி நகல் கேளுங்கள். சங்கத் தலைவரிடமோ தொழிலாளர் இலாகாவிலோ காட்டுங்கள்.

மிரட்டி எழுதி வாங்கிவிட்டார்களா? அது விலகல் அல்ல, வேலைநீக்கம் என்று வாதாட வழியுண்டு. 1967-ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின்படி, வேலை போன 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனுச் செய்ய வேண்டும். நாளைக் கடத்தினால் நியாயமும் கைநழுவிப் போகும்.

கையெழுத்து நம்முடையது. அதற்கு மேலே இருக்கும் சொல்லும் நம்முடையதுதானா என்று பார்த்தே போடுவோம்.