புல்லட்டா, டியூக்கா, ஸ்ப்ளெண்டரா... உங்க பைக்கை எதுக்காக வாங்கினீங்க?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்குத் திருவான்மியூர் சிக்னலில் நின்று பார்த்திருக்கீங்களா? ஈ.சி.ஆர் தொடங்குகிற இடம். புல்லட், ஹிமாலயன், டியூக், ஆர்15 என்று வரிசையாக வந்து, பச்சை விழுந்ததும் மகாபலிபுரம் பக்கம் பறக்கும். ஜாக்கெட், கிளவுஸ், ஹெல்மெட்டில் கேமரா என்று ஒரே கொண்டாட்டம்தான். அதே சிக்னலுக்குத் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வாங்க. ஸ்ப்ளெண்டர், ஆக்டிவா, முன்னாடி மீன் கூடை வச்ச டிவிஎஸ் எக்ஸ்எல். நடுவுல, நேத்து பறந்த அதே புல்லட்டும் நிக்கும். டைடல் பார்க் பக்கம் ஆபீஸுக்குப் போகணும், கிளட்சைப் பிடிச்சுப் பிடிச்சு இடது கை மரத்துப் போயிருக்கும்.

'ஏன் இந்த பைக்?' என்று யாரைக் கேட்டாலும் பதில் ரெடியா இருக்கும். மைலேஜ், ரீசேல், சர்வீஸ் சென்டர் பக்கத்துலயே இருக்கு, ஸ்பேர்ஸ் ஈஸியா கிடைக்கும். எதுவுமே பொய் இல்லை. ஆனா, பெரும்பாலும் இந்தக் காரணங்கள் எல்லாம் மனசு முடிவு பண்ணின பிறகு, வீட்டில் சொல்வதற்காகச் சேர்த்துக்கொண்டவை. முதலில் பிடித்துப்போவது சத்தமாகவோ, தோற்றமாகவோ, யாரோ ஒருத்தர் ஓட்டிப் பார்த்த ஞாபகமாகவோதான் இருக்கும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பைக் வாங்க அதுவும் ஒரு காரணம்தான்.

அந்தச் சத்தத்துக்குள்ளே ஒரு கணக்கு இருக்கு. இப்போது வருகிற ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, கேடிஎம் டியூக் 200 இரண்டின் சிலிண்டர் விட்டமும் ஒன்றுதான், 72 மி.மீ. வித்தியாசம் பிஸ்டன் மேலும் கீழும் போய்வருகிற தூரத்தில். கிளாசிக்கில் அது 85.8 மி.மீ, டியூக்கில் 49 மி.மீ. நீண்ட தூரம் போய்வருகிற பிஸ்டனால் அவசரப்பட முடியாது. கிளாசிக்கின் 20 குதிரைத்திறன் 6,100 ஆர்.பி.எம்-லேயே முழுசா வந்துடும். இழுவை அதுக்கும் முன்னாடியே, 4,000-த்தில் உச்சத்தைத் தொட்டுடும். அதான் அந்த 'டுக்... டுக்'. டியூக்கின் 25 குதிரைத்திறன் வேணும்னா 10,000 வரைக்கும் முறுக்கணும். எடையும் கிளாசிக்கைவிட முப்பது கிலோவுக்கு மேல் குறைவு. ஒன்று நிதானமா நடக்கிற யானை, இன்னொன்று வாலை மிதிச்ச பூனை.

இதில் இன்னொரு வேடிக்கை. ஸ்ப்ளெண்டரின் பிஸ்டன் போய்வருகிற தூரம் 49.5 மி.மீ. கிட்டத்தட்ட டியூக்கேதான்! ஆனா, சிலிண்டர் விட்டம் வெறும் 50 மி.மீ. எட்டு குதிரைத்திறன், 112 கிலோ, அவ்வளவுதான். சிக்னலில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. மாசக் கடைசியில் பெட்ரோல் பங்க்கில் நிற்கும்போதுதான் அதன் அருமை தெரியும்.

புல்லட் மேல் சென்னைக்காரர்களுக்கு இருக்கிற பாசத்துக்கு ஊர்க் காரணமும் உண்டு. 1955-ல் இங்கிலாந்தின் ரெட்டிச்சில் இருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனி, மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. தொழிற்சாலை, நகரத்தின் வடக்கு முனையான திருவொற்றியூரில். ராணுவம் எல்லைக் காவலுக்கு வாங்கிய வண்டி, போலீஸ் இன்ஸ்பெக்டர் ஓட்டிய வண்டி என்ற கெத்து அதோடு ஒட்டிக்கொண்டது. பின்னாடி இங்கிலாந்துக் கம்பெனி மூடியே போச்சு. திருவொற்றியூரில் மட்டும் புல்லட் வந்துகொண்டே இருந்தது.

அந்தக் காலத்து புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஸ்டார்ட் பண்றதே ஒரு சடங்கு. ஆம்ப் மீட்டர் முள்ளைப் பார்த்து, டீகம்ப்ரஷன் லீவரை அழுத்தி, கிக்கரைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து உதைக்கணும். தப்பா உதைச்சா அது திருப்பி உதைக்கும். அப்பாவோ மாமாவோ அதை ஒரே உதையில் ஸ்டார்ட் பண்ணியதைப் பார்த்து வளர்ந்த பையன்தான், 2009-ல் கிளாசிக் வந்தபோது ஷோரூம் வாசலில் நின்றான். கியர் இடது காலுக்கு வந்தாச்சு, பட்டனைத் தட்டினா ஸ்டார்ட். சடங்கு வேண்டாம், அதன் ஞாபகம் மட்டும் போதும் என்பவர்களுக்கான வண்டி அது.

1985-ஐ எடுத்துக்குங்க. ஒரே வருஷத்தில் இரண்டு விதமான ஆசைகளுக்கு இரண்டு வண்டிகள் வந்தன. ஒன்று யமஹா ஆர்எக்ஸ் 100. 98 சிசி டூ-ஸ்ட்ரோக், 11 குதிரைத்திறன், எடையே இல்லாத உடம்பு. இன்னொன்று ஹீரோ ஹோண்டா சிடி 100. ஃபோர்-ஸ்ட்ரோக், பெட்ரோலைப் போட்டுட்டு மறந்துடலாம் என்பதுதான் அதன் விளம்பரமே. சிடி 100-ன் வாரிசாக 1994-ல் ஸ்ப்ளெண்டர் வந்து நாட்டையே பிடிச்சது. ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு 1996-ல் நின்றது. ஆனா இன்றைக்கும் புதுப்பேட்டைக் கடைகளில் அதன் சைலன்சரையும் கார்புரேட்டரையும் தேடி அலைகிறவர்களில் பாதிப் பேர், அந்த வண்டி நின்ற பிறகு பிறந்தவர்கள்! அவங்ககிட்ட மைலேஜ் பற்றிக் கேட்டுடாதீங்க.

பைக் ஓர் இளைஞனுக்கு என்ன கொடுக்கும் என்பதை 2007-ல் வந்த 'பொல்லாதவன்' படத்தில் வெற்றிமாறன் காட்டியிருப்பார். பல்சர் வந்த பிறகு தனுஷுக்கு வேலை, காதல், வீட்டில் ஒரு மரியாதை. அது திருடு போனதும் கதையே வேற. இ.எம்.ஐ கட்டி முதல் பைக் எடுத்தவர்கள் அந்தப் படத்தை வெறும் சினிமாவாகப் பார்க்கவில்லை.

சரி, இவ்வளவு ஆசையும் நினைவும் இல்லாமல், 'எனக்கு இது எதுக்கு'ன்னு துல்லியமா தெரிஞ்சு வாங்குறது யாருன்னு கேட்டா, என் ஓட்டு எக்ஸ்எல்காரங்களுக்குத்தான். 1980-ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 ஆக, இரண்டு பேர் போகிற மொபெட்டாக வந்ததன் வம்சம். கியர் கிடையாது, முன்னாடி கால் வைக்கிற இடத்தில் தண்ணீர் கேனோ, மீன் கூடையோ, அரிசி மூட்டையோ வைக்கலாம். கெத்து பற்றி யாரும் பேசுவதில்லை. அந்த வண்டி ஓடினாத்தான் அன்றைய வியாபாரம்.

இப்போ திருவான்மியூர்க்காரங்களுக்கு மட்டும் ஒரு விஷயம். கடலிலிருந்து நாலு தெரு தள்ளி வீடு இருந்தா, உப்புக் காத்து உங்க குரோம் மேல கண் வைக்கும். மட்கார்டு, சைலன்சர், ஸ்போக்ஸ் எல்லாவற்றிலும் பொரிப் பொரியா துரு. பழைய லுக்குக்காக ஸ்போக் வீல் எடுக்கிறவங்க இன்னொன்றையும் யோசிங்க. அதில் பெரும்பாலும் டியூப் டயர்தான். ஈ.சி.ஆரில் கோவளம் தாண்டி ஆணி குத்தினா, டியூப்லெஸ் மாதிரி காத்தடிச்சுட்டு மெல்ல வந்து சேர முடியாது. கவர் போடுங்க, வாரம் ஒரு தடவை நல்ல தண்ணீரில் கழுவித் துடைங்க, இல்லைன்னா அலாய் வீல், மேட் பெயின்ட் பக்கம் போயிடுங்க.

எல்லாத்தையும்விட முக்கியமா, வாங்கும்போது யாரும் கேட்காத ஓர் ஆள் இருக்காங்க. பின்னாடி உட்காருகிறவங்க. மத்திய மோட்டார் வாகன விதி 123, அவங்களுக்காகவே எழுதினது. பிடித்துக்கொள்ள கைப்பிடி, கால் வைக்க ஃபுட்ரெஸ்ட், துணி சிக்காமல் இருக்கப் பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கிற தடுப்பு, மூன்றும் இருக்கணும். அந்தத் தடுப்பைத்தான் 'சாரி கார்டு' என்கிறோம். புது பைக் வந்த முதல் வாரத்தில் 'லுக் கெடுது'ன்னு கழற்றி எறிகிற முதல் பொருளும் அதுதான். துப்பட்டா நுனியோ சேலைத் தலைப்போ ஓடுகிற சக்கரத்தில் சிக்கினால், ஓட்டுகிறவருக்குத் தெரிவதற்குள்ளே பின்னாடி இருப்பவர் கீழே கிடப்பார். தயவுசெய்து அதை மட்டும் கழற்றாதீங்க.

அதனால டெஸ்ட் ரைடுக்கு ஞாயிற்றுக்கிழமை காலியான ரோட்டில் தனியா போகாதீங்க. வேலை நாளில், எல்.பி ரோடு நெரிசலில், தினமும் பின்னாடி உட்காரப்போகிறவரை ஏற்றிக்கிட்டுப் போங்க. உங்க கால் இரண்டும் தரையில் ஊன்றுதான்னு நீங்க பாருங்க. இறங்கினதும் அம்மாவோ மனைவியோ 'நல்லாருக்கு'ன்னுதான் சொல்லுவாங்க, உங்க ஆசையைக் கெடுக்க வேண்டாமேன்னு. அதோட விட்டுடாதீங்க. பிரேக் போட்டப்போ எதைப் பிடிச்சுக்கிட்டீங்கன்னு கேளுங்க.