பேரந்துப்பூச்சி பயிருக்குப் பகையா?

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்களிலும் அவற்றை அடுத்த கிராமங்களிலும், மழை பெய்து ஓய்ந்த இரவுகளில், லயத்து விளக்கின் ஒளியை நாடி மிகப் பெரிய அந்துப்பூச்சியொன்று வந்து சுவரில் அமர்வதுண்டு. விரித்த சிறகுகள் ஒரு மனிதனின் இரு கைகளையும் மறைக்கத்தக்க அகலமுடையவை. கண்டவர் சிலர் அஞ்சி அதனை அடித்துக் கொல்கின்றனர். வேறு சிலர், இத்துணைப் பெரிய பூச்சியின் புழு தோட்டத்தையே அழித்துவிடும் எனக் கருதி, மறுநாட் காலையிலேயே மருந்து தெளிகருவியைத் தோளில் ஏற்றுகின்றனர். இவ்விரண்டும் வேண்டாத செயல்கள். இரண்டாவது செயல் கமக்காரருக்கு நட்டத்தையும் விளைவிக்கும். அதன் காரணத்தை அறிய இப்பூச்சியின் வாழ்க்கையை அறிதல் வேண்டும்.

பரம்பல்

இது பட்டு நூற்கும் பேரந்துகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. இவ்வினத்தின் நெருங்கிய உறவான அட்லஸ் அந்துக்கு 1758ஆம் ஆண்டில் லின்னேயசு என்னும் அறிஞர் பெயரிட்டார். அட்லஸ் அந்தும் அதன் உறவினங்களும் இந்தியா, தென் சீனம், மலாயா, இந்தோனேசியத் தீவுகள் ஆகிய நாடுகளில் வாழ்கின்றன. இலங்கையிற் காணப்படும் இனத்தை, இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துகளையும் பற்றி 1880 முதல் 1887 வரை வெளிவந்த தமது பெருநூலிலே பிரெடெரிக் மூர் விவரித்தார். அற்றாக்கசு தப்புரோபானிசு என்பது அதன் பெயர். இத்தீவைக் கிரேக்கர் வழங்கிய பழம்பெயரே அதில் அடங்கியுள்ளது. தென்னிந்தியாவிலும் இது உண்டு.

இக்குடும்பத்தின் பிற இனங்கள் ஆபிரிக்காவிலும் பல உள. பொற்சுவானா, சிம்பாப்வே ஆகிய நாடுகளில் மொப்பானி என்னும் மரத்தின் இலையை உண்ணும் பெரும்புழுவை மக்கள் சேகரித்து, அவித்து உலர்த்தி உணவாகக் கொள்கின்றனர். அசாமில் ஆமணக்கிலையிட்டு வளர்க்கப்படும் ஏரிப்பட்டுப் புழுவும் இக்குடும்பத்ததே. எனவே இக்குடும்பத்துப் பூச்சிகளைப் பகையென்று கொள்ளாது பயன்படுத்தும் மக்களும் உலகில் உளர்.

வாழ்க்கை வட்டம்

பெண் அந்து இலைகளின் அடிப்புறத்தில் நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை இடும். ஒவ்வொரு முட்டையும் ஏறத்தாழ ஒரு அங்குலத்தின் பத்திலொரு பங்கு பருமனுடையது. ஏறத்தாழ இரு வாரங்களில் முட்டை பொரித்துப் புழு வெளிவரும்.

புழு ஐந்தாறு வாரங்கள் இடைவிடாது இலை தின்று, பலமுறை தோலுரித்து, நான்கு அங்குலத்திற்கு மேலும் வளரும். வெளிர் பச்சை நிற உடலின் மீது வெண்ணீறு பூசினாற்போன்ற மெழுகுத்தூள் படிந்திருக்கும். முதுகில் மெல்லிய முட்களும் உள. இவை கம்பளிப்புழுவின் மயிர்போலத் தோலை அரிப்பன அல்ல. எனினும், சீண்டினால் இப்புழு கார நாற்றமுள்ள நீரைப் பீச்சும். அது கண்ணிற் படாதவாறு காத்துக்கொள்ளல் வேண்டும்.

வளர்ச்சி முற்றியதும் புழு ஓர் இலையை மடித்து அதனுள்ளே தவிட்டு நிறப் பட்டுக்கூடு கட்டும். இலை காய்ந்து உதிர்ந்துவிடாதபடி அதன் காம்பைப் பட்டிழையால் கொப்போடு பிணைத்துவைக்கும். இக்கூட்டின் இழை அறுந்தறுந்து அமைந்ததாதலால், வெண்பட்டுப் போல ஒரே இழையாகச் சுற்றியெடுக்க இயலாது. ஏறத்தாழ ஒரு மாதத்தில் அந்து வெளிவரும். வறட்சிக் காலமாயின் இன்னும் தாமதிக்கும்.

வெளிவந்த அந்து எதனையும் உண்பதில்லை. உண்பதற்குரிய வாயுறுப்பு அதற்கு வளரவில்லை. புழுப்பருவத்திற் சேர்த்த கொழுப்பைக் கொண்டே ஒரு வாரம் அல்லது சற்று அதிகமாக உயிர்வாழும். அச்சில நாட்களில் பெண் பரப்பும் மணத்தை ஆண் தன் இறகு போன்ற உணர்கொம்புகளால் நெடுந்தொலைவிலிருந்தே அறிந்து வந்தடையும். இணைசேர்ந்து முட்டையிட்டதும் அவற்றின் வாழ்வு முடியும். முன்சிறகின் நுனி பாம்பின் தலையை ஒத்திருப்பது பறவைகளை அச்சுறுத்துவதற்கென்பர். மனிதனுக்கு அதனால் தீங்கில்லை.

பயிருக்குத் தீங்கு உண்டா?

இப்புழு கறுவா, கொய்யா, அன்னமுன்னா, எலுமிச்சை முதலிய மரங்களின் இலையை உண்ணும். நெல்லை உண்பதில்லை. கத்தரி, போஞ்சி, வெண்டி முதலிய மரக்கறிகளுக்கும் இது பீடையன்று. முட்டைகளிலும் புழுக்களிலும் பெரும்பாலானவற்றைச் சிறு குளவிகளும், ஒட்டுண்ணி ஈக்களும், எறும்புகளும், பறவைகளும் அழித்துவிடுகின்றன. ஆகவே ஒரு மரத்திற் சில புழுக்களே எஞ்சும். வளர்ந்த மரம் தான் இழந்த இலையை மீண்டும் தளிர்த்துக்கொள்ளும்.

உண்மையான பகைவர் சிறிய அந்துகளே. நெல்லின் மஞ்சள் தண்டு துளைப்பான் அந்து ஓர் அங்குல அளவினதே. அதன் புழு தண்டினுட் புகுந்து, இளம்பயிரிற் குருத்தையும் கதிர்ப்பருவத்தில் கதிரையும் கொல்கின்றது. கதிர் மணியின்றி வெளுத்து நிற்கும். கத்தரியின் குருத்தையும் காயையும் துளைக்கும் வெள்ளை அந்து அதனினுஞ் சிறியது. சுவரில் அமர்ந்த பேரந்தைக் கண்டு கலங்குபவர், வரப்பில் நடக்கையில் காலடியிற் பறக்கும் இச்சிறு அந்துகளைக் கவனியாது விடுதல் கூடாது.

தேயிலை கற்பித்த பாடம்

தேயிலையின் இலைகளை ஒன்றோடொன்று ஒட்டி உண்ணும் டோட்ரிக்ஸ் புழு ஒரு காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் பெருந்தொல்லையாயிருந்தது. 1935-36ஆம் ஆண்டுகளில் சாவகத் தீவிலிருந்து மக்ரோசெந்திரசு என்னும் சிறு ஒட்டுண்ணிக் குளவி கொண்டுவரப்பட்டது. அது இப்புழுவின் உடலில் முட்டையிட்டு அதனை அழித்தமையால் தொல்லை தணிந்தது. பின்னர், தேயிலைக் கொப்பைத் துளைக்கும் வண்டை ஒழிக்க டீல்ட்ரின் என்னும் நஞ்சு தெளிக்கப்பட்ட இடங்களில் அக்குளவிகள் மடிந்தன. அடங்கியிருந்த டோட்ரிக்ஸ் புழு மீண்டும் பெருகியது. டீல்ட்ரின் இன்று தடைசெய்யப்பட்டுள்ளது. எனினும் அது கற்பித்த பாடம் மாறவில்லை.

கொய்யா மரத்துப் புழு நான்கைக் கொல்லத் தெளிக்கும் மருந்து அம்மரத்தோடு நில்லாது காற்றோடு அயலிலுள்ள வயலையும் மரக்கறிப் பாத்தியையும் சேரும். தண்டு துளைப்பானின் முட்டைகளை அழிக்கும் நுண்ணிய குளவிகளும், பூசணிப் பூவிற்கு வரும் தேனீக்களும் அதனால் மடியும். மருந்தின் செலவோடு அடுத்த போகத்தின் விளைச்சற் குறைவும் கமக்காரரின் தலையிலேயே விழும்.

செய்ய வேண்டியவை

1. சுவரில் அமர்ந்த அந்தைக் கொல்லாது விடுக. விளக்கை அணைத்தால் அது தானே நீங்கும்.

2. இளங்கன்றுகளில் மட்டும் புழு இலையை மிகுதியாகத் தின்றால், கொப்போடு வெட்டியெடுத்துப் பற்றையிலுள்ள வேறு கறுவா அல்லது கொய்யா மரத்தில் விடுக. மருந்து தெளிக்க வேண்டாம்.

3. நெல் நாற்று நடுமுன் இலை நுனிகளைப் பார்வையிடுக. மஞ்சட் பழுப்பு மயிர் மூடிய முட்டைக் குவியல்கள் இருப்பின் அந்நுனிகளைக் கிள்ளி அழிக்க.

4. கத்தரியில் வாடிய குருத்துக்களையும் துளையுள்ள காய்களையும் வாரந்தோறும் அகற்றி அழிக்க. அவற்றைப் பாத்தியருகே எறிதல் கூடாது.

5. இன்ன புழுவென்று அறியாத நிலையில் மருந்து வாங்காது, புழுவை உண்ணும் இலையோடு ஒரு போத்தலில் இட்டு, கமநல சேவை நிலையத்திலுள்ள விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுக.

பூச்சியின் பருமன் அதன் தீமைக்கு அளவுகோலன்று. எப்பயிரை, எப்பருவத்தில், எவ்வளவு தின்கின்றது என்பதைப் பார்த்த பின்னரே மருந்தைப் பற்றிச் சிந்தித்தல் நன்று. அங்ஙனம் பார்ப்பவர் பணத்தையும் மீதப்படுத்துவர், பயிரின் நண்பர்களையும் காப்பர்.