நெருப்புக்குள் ஊறும் நீர்

ஜனவரிக் குளிரில் பேஸ்மென்றுக்குள் இறங்கினால், வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸின் காலடியில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. தண்ணீர்க் குழாய் எதுவும் உடையவில்லை, கூரையும் ஒழுகவில்லை. நெருப்பு எரிகிற பெட்டிக்குள் தண்ணீர் எங்கிருந்து வந்தது? ரொறன்ரோ முதல் வின்னிபெக் வரை பல வீடுகளில் குளிர்காலந்தோறும் எழும் கேள்வி இது. அந்த நெருப்புத்தான் தண்ணீரை உண்டாக்குகிறது என்பதே பதில்.

ஃபேர்னஸ் எரிக்கும் இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதி மெதேன். அதிலுள்ள ஐதரசன் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து எரியும்போது நீராவி பிறக்கிறது. ஒரு கனமீற்றர் எரிவாயு எரிந்தால் கிடைக்கும் நீராவியைக் குளிர்வித்தால் ஏறக்குறைய ஒன்றரை லீற்றர் தண்ணீர் தேறும். கடுங்குளிர் நாளொன்றில் ஒரு வீடு 10 கனமீற்றர் எரித்தால், 15 லீற்றர் தண்ணீருக்குரிய ஆவி.

பழைய ஃபேர்னஸ்கள் இந்த ஆவியைச் சூடாகவே உலோகப் புகைபோக்கி வழியாக வெளியே அனுப்பிவிடும். எரிபொருளின் வெப்பத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு அந்த ஆவியோடு வீணாகப் போகும். புதிய ஃபேர்னஸ்கள் அதை விடுவதில்லை. அவற்றின் இரண்டாவது வெப்பமாற்றி, புகையை ஏறத்தாழ 55 பாகை செல்சியஸுக்குக் கீழே குளிர்வித்து, ஆவியைத் தண்ணீராக்கி, அதன் மறைவெப்பத்தையும் வீட்டுக்குத் தருகிறது. கனடாவில் எரிவாயு ஃபேர்னஸ்களின் வினைத்திறன் குறைந்தது 90 சதவீதமாக இருக்க வேண்டுமென்ற விதி 2009 இறுதியில் வந்தது. 2019இல் அது 95 ஆக உயர்ந்தது. ஆகவே புதிய ஃபேர்னஸ் நாள்தோறும் சில லீற்றர் தண்ணீரை வெளியேற்றுவது இயல்பு. அது வடிகாலுக்குப் போகாமல் தரைக்கு வருவதுதான் கோளாறு.

முதற் சந்தேகம் வடிகுழாய்மீதே விழ வேண்டும். ஃபேர்னஸுக்குள் 'ட்ராப்' எனப்படும் சிறு கிண்ணம் உண்டு. அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்று, புகை வீட்டுக்குள் வராமல் அடைக்கும். தூசியும் பாசியும் அங்கே படிந்தால் தண்ணீர் பின்னோக்கி ஏறும். அப்போது அழுத்த ஆளி அதை உணர்ந்து நெருப்பை அணைத்துவிடும். உள்ளே ஒரு சிறு விளக்கு விட்டுவிட்டு மின்னும்; எத்தனை முறை மின்னினால் என்ன கோளாறு என்ற பட்டியல், பெரும்பாலும் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும். வடிகுழாய் கழன்றோ வெடித்தோ இருந்தாலும் தரை நனையும்.

தரையில் வடிகால் இல்லாத இடத்தில் தண்ணீரை ஏற்றி அனுப்பச் சிறு பம்ப் வைத்திருப்பார்கள். அதன் தொட்டியில் ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மிதவை எழுந்ததும் மோட்டர் ஓட வேண்டும். ஓடாமல் தொட்டி நிரம்பி வழிந்தால் பழுது பம்பில்தான்.

புகையை வெளியே கொண்டுபோகும் பிளாஸ்ரிக் குழாயின் சரிவும் முக்கியம். அடிக்குக் கால் அங்குலம் என்ற அளவில் அது ஃபேர்னஸ் பக்கமாகச் சரிந்திருக்க வேண்டும். நடுவில் தொய்ந்தால் அங்கே தண்ணீர் தங்கும்; மூட்டுகளில் கசியும்.

ஃபேர்னஸோடு பூட்டிய ஈரப்பதமூட்டியும் ஒழுகக்கூடும். அதன் தட்டில் சுண்ணாம்பு படிந்தாலோ வால்வு மூடாமல் நின்றாலோ, பழி ஃபேர்னஸ்மேல் விழும். கோடையில் ஒழுகினால் நெருப்புக்குத் தொடர்பே இல்லை. ஃபேர்னஸுக்கு மேலே இருக்கும் ஏசி சுருளில், குளிர்ந்த சோடாப் போத்தலில் வியர்ப்பதுபோல ஈரம் படிந்து கீழ்த்தட்டில் விழும். அந்தத் தட்டின் வடிகால் அடைபட்டால் வெள்ளம். ஃபில்ரர் அழுக்கேறிக் காற்றோட்டம் குறைந்தால் சுருளில் பனிக்கட்டியே கட்டும். ஏசியை நிறுத்தியதும் அது உருகிக் கொட்டும்.

இவை பெரும்பாலும் சிறு செலவில் தீரும். இரண்டு நிலைமைகள் அப்படியல்ல. ஒன்று, இரண்டாவது வெப்பமாற்றியே அரித்துப் போவது. எரிந்து பிறக்கும் தண்ணீர் காபோனிக், நைத்திரிக் அமிலங்கள் கலந்தது. கொங்கிறீற் தரையையும் தின்னும். வெப்பமாற்றி ஓட்டையானால், முழு ஃபேர்னஸையும் மாற்றுவதே பலவேளை மலிவு. மற்றது, உலோகப் புகைபோக்கி வைத்த பழைய ஃபேர்னஸில் தண்ணீர் கசிவது. அங்கே தண்ணீர் பிறக்கவே கூடாது. புகைபோக்கி அளவுக்கு மிஞ்சிப் பெரிதாகவோ குளிர்ந்தோ அடைபட்டோ இருக்கலாம். அடைபட்டால் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு வீட்டுக்குள் திரும்பும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை.

தண்ணீரைக் கண்டால் முதலில் ஃபேர்னஸின் மின் ஆளியை அணையுங்கள். கட்டுப்பாட்டுப் பலகை நனைந்தால் செலவு ஏறும். ஃபில்ரரையும் வடிகுழாயையும் நீங்களே பார்க்கலாம். எரிவாயுப் பகுதியைத் தொடாதீர்கள். ஒன்ராறியோவில் அது, மாகாணப் பாதுகாப்பு அமைப்பான ரிஎஸ்எஸ்ஏயின் உரிமம் பெற்றவரின் வேலை. காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவி ஒலித்தால், கசிவைத் தேடிக்கொண்டிராமல் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்து 911ஐ அழையுங்கள். ஒக்ரோபரிலேயே ஒருமுறை வடிகாலைச் சுத்தம் செய்வித்தால், ஜனவரி நடுநிசியில் திருத்துநரைத் தேடி அலைய வேண்டியிராது.