அலுவலக மென்பொருள் அணுகுதன்மை மதிப்பீடு

அலுவலக மென்பொருள் அணுகுதன்மை மதிப்பீடு என்பது, ஒரு நிறுவனத்தின் மென்பொருளை மாற்றுத்திறனாளிப் பணியாளர்கள் பிறர் உதவியின்றிப் பயன்படுத்த முடிகிறதா எனச் சோதித்து அறிவதாகும். சொற்செயலி, விரிதாள், மின்னஞ்சல் மட்டுமன்றி வருகைப்பதிவு, விடுப்பு விண்ணப்பம், சம்பளச் சீட்டு, சரக்கிருப்பு ஆகியவற்றுக்கான மென்பொருள்களும் இதில் அடங்கும்.

பின்னணி

காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரையுள்ள சிப்காட் தொழிற்பூங்காக்களில் வாகன, மின்னணுத் தொழிற்சாலைகள் பல இயங்குகின்றன. இத்தகைய தொழிற்சாலைகளில் கணக்கு, கொள்முதல், மனிதவளம் போன்ற பணிகள் கணினியிலேயே நடைபெறுகின்றன. வாயிலில் சாய்தளம் அமைத்த அலுவலகத்திலும், விடுப்பு விண்ணப்பத்தைத் திரை வாசிப்பான் படிக்காவிட்டால், பார்வை மாற்றுத்திறனாளி ஒருவர் தம் கடவுச்சொல்லை உடன் பணிபுரிபவரிடம் சொல்ல வேண்டிய நிலை ஏற்படும். வேலை கிடைத்தும் அதைத் தாமே செய்ய முடியாத நிலை இது.

சட்டமும் தரங்களும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 என்பது 2017 ஏப்ரல் 19 அன்று நடைமுறைக்கு வந்தது. இதன் 21-ஆம் பிரிவின்படி, தனியார் உள்ளிட்ட ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும். 42-ஆம் பிரிவு தகவல் தொழில்நுட்ப அணுகலைப் பற்றியது.

மென்பொருள் உள்ளிட்ட தகவல் தொழில்நுட்பப் பொருள்களுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 17802 ஆகும். இதன் இரு பகுதிகள் 2021, 2022 ஆண்டுகளில் வெளிவந்தன. உலக அளவில் பின்பற்றப்படும் வலை உள்ளடக்க அணுகுதன்மை வழிகாட்டுதல்களின் 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வெளியானது. உள்ளடக்கம் உணரத்தக்கதாக, இயக்கத்தக்கதாக, புரியத்தக்கதாக, உறுதியானதாக இருத்தல் என்பன அதன் நான்கு கோட்பாடுகள்.

அணுகுதன்மை விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருத்தல் போதாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்தது. எண்ணிம அணுகல் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என 2025 ஏப்ரல் 30 அன்று மற்றொரு வழக்கில் கூறியது. கண் சிமிட்டினால் மட்டுமே ஏற்கும் அடையாளச் சரிபார்ப்பு, அமில வீச்சில் கண் பாதிக்கப்பட்டோரை விலக்குகிறது என்பது அவ்வழக்கில் எழுந்த சிக்கல்களுள் ஒன்று.

சோதிக்கும் முறை

முதலில் அன்றாடப் பணி ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, உள்நுழைந்து, விடுப்புக்கு விண்ணப்பித்து, ஒப்புதலைப் பார்த்து வெளியேறுதல். அதனைப் பின்வருமாறு செய்து பார்க்கலாம்:

1. சுட்டியைத் தொடாமல், விசைப்பலகையால் மட்டும் முழுப் பணியையும் முடிக்க முடிகிறதா?
2. திரையை அணைத்துவிட்டு, திரை வாசிப்பானின் ஒலியை மட்டும் கேட்டு முடிக்க முடிகிறதா? விண்டோஸ் கணினிகளில் இயங்கும் என்.வி.டி.ஏ. என்னும் இலவசத் திரை வாசிப்பான் இதற்கு உதவும்.
3. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையிலான நிற வேறுபாட்டு விகிதம் குறைந்தது 4.5:1 உள்ளதா? 200 விழுக்காடு பெரிதாக்கினாலும் எழுத்துகள் மறையாமல் இருக்கின்றனவா?
4. தவறு, எச்சரிக்கை ஆகியவை நிறத்தால் மட்டும் காட்டப்படுகின்றனவா? உற்பத்தித் திரைகளில் சிவப்பு, பச்சை மட்டும் இருந்தால் நிறக்குருடு உடையோருக்கு வேறுபாடு தெரியாது.
5. ஒலி எச்சரிக்கைக்கு இணையாகத் திரையில் செய்தியும், பயிற்சிக் காணொளிக்கு வசன வரிகளும் உள்ளனவா?
6. கைரேகை மட்டுமே ஏற்கும் வருகைப்பதிவுக் கருவிக்கு மாற்று வழி உண்டா?

தமிழ் ஆவணங்களில் தனிச் சிக்கல்

ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், கணினிக்கு அவை ஆங்கில எழுத்துகளே. பாமினி எழுத்துருவில் உள்ள 'தமிழ்' என்னும் சொல்லைத் திரை வாசிப்பான் 'ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி' என்றே அறியும். வருடியில் எடுத்த சுற்றறிக்கையோ வெறும் படமாகவே இருக்கும். எனவே மதிப்பீட்டில் ஆங்கிலப் படிவத்துடன் ஒருங்குறித் தமிழ்ப் படிவத்தையும் சோதிப்பது அவசியம்.

வரம்புகள்

தானியங்கிச் சோதனைக் கருவிகள் குறைகளில் ஒரு பகுதியையே கண்டுபிடிக்கும். படத்துக்கு மாற்று உரை இருக்கிறதா என அவை சொல்லும். அவ்வுரை பொருத்தமானதா எனச் சொல்லமாட்டா. விற்பனையாளர் தரும் அணுகுதன்மை அறிக்கையும் தொடக்கத் தகவலே. பார்வையுள்ளவர் கண்ணை மூடிச் செய்யும் சோதனை, திரை வாசிப்பானை நாள்தோறும் பயன்படுத்துபவரின் அனுபவத்துக்கு ஈடாகாது. ஆகவே மாற்றுத்திறனாளிப் பயனர்களைக் கொண்டு, உரிய ஊதியம் அளித்து, மென்பொருளை வாங்குவதற்கு முன்பே சோதிப்பது நல்லது. வாங்கிய பின் குறை தெரிந்தால் திருத்தும் செலவு கூடும்; திருத்தும் வரை அப்பணியாளர் பிறரைச் சார்ந்தே இருக்க நேரும். ஒவ்வொரு புதிய பதிப்புக்குப் பின்னரும் சோதனையை மீண்டும் செய்தல் வேண்டும்.