விற்பனைக்கு ஒரு பருவம் – 9: பிறக்காத பெண்

ஆறு வயதுப் பிள்ளைகள் மிக்கி மவுசுக்கு இணையாக அடையாளம் காட்டிய சிகரெட் விளம்பர ஒட்டகம் ஜோ கேமலை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஒட்டகத்தின் கூட்டத்தாரை எதிர்த்து ஃப்ளோரிடா பிள்ளைகள் இறங்கிய கதை இந்த வாரம் வர வேண்டியது. அதற்கு முன் டீனாவைச் சொல்லியாக வேண்டும். அவள் இல்லாமல் அந்தக் கதை விளங்காது.

டீனாவுக்கு வயது 16. பள்ளிக்கூடம் போகிறாள், கைச்செலவுக்குக் காசு வைத்திருக்கிறாள், தோழிகள் உடுத்துவதை உடுத்துகிறாள். அப்படி ஒரு பெண் பிறக்கவே இல்லை. 1944 செப்டம்பரில் அமெரிக்காவில் 'செவன்டீன்' இதழ் தொடங்கியது. முதல் இதழின் 4 லட்சம் பிரதிகள் ஆறே நாளில் தீர்ந்தன. படிக்கப் பெண்கள் வந்துவிட்டார்கள்; இனி விளம்பரதாரர்கள் வர வேண்டும். பள்ளிக்கூடப் பெண்ணை நம்பி முதல் போடலாம் என்று அவர்களுக்குக் காட்டியாக வேண்டும். விளம்பரப் பிரிவைக் கவனித்த எஸ்டெல் எல்லிஸ், பெண்களிடமும் தாய்மார்களிடமும் எடுத்த ஆய்வைக் கொண்டு டீனாவை உருவாக்கினார். டீனா விளம்பரங்கள் போய்ச் சேர்ந்தது துணி உற்பத்தியாளர்களுக்கும் கடை முதலாளிகளுக்கும். அவர்களிடம் அவளுடைய பெருங்குணமாகச் சொல்லப்பட்டது, அவள் தோழிகளைப் பார்த்துக் காப்பியடிப்பவள் என்பது. எல்லாரும் ஒரே பேச்சு, ஒரே உடை, ஒரே உதட்டுச்சாயம். ஒருத்தியைப் பிடித்தால் கூட்டமே வந்துவிடும்.

பிள்ளைக்குப் பொருளை விற்பதற்கு முன்பே, பிள்ளையை வியாபாரிக்கு விற்றாகிவிட்டது. விற்பதற்காக வரைந்த அந்தச் சித்திரம் மாதாமாதம் பக்கம் பக்கமாகத் திரும்பி வரும்போது, நிஜப் பெண் அதன் பக்கத்தில் நின்று தன்னை அளந்து பார்க்கிறாள். நம் உலா நூல்களும் பெண்ணின் வயதை ஏழு பருவங்களாகப் பிரித்தவைதான். அவற்றில் மடந்தைக்கு 14 முதல் 19 வரை என்பார்கள், ஏறக்குறைய டீனாவின் வயது. புலவர் அந்த வயதைக் காதலைப் பாடுவதற்காகப் பிரித்தார். வியாபாரி அதன் கைக்காசை எண்ணுவதற்காகப் பிரித்தார். பிரிப்பவரின் நோக்கம் பருவத்தின் முகத்தில் ஒட்டிக்கொள்கிறது.

தோழியைப் பார்த்துச் செய்வது அந்த வயதின் இயல்பு, விளம்பரம் என்ன செய்யும் என்று கேட்கலாம். இயல்புதான். ஓடுவது ஆற்றின் இயல்பு. அதற்குக் கால்வாய் வெட்டி யாருடைய வயலுக்குத் திருப்புகிறார்கள் என்பதே நம் கேள்வி. தனியாகத் தெரிய வேண்டும், கூட்டத்தோடும் சேர வேண்டும் என்று இரண்டு ஆசைகள் மல்லுக்கட்டும் வயது அது. அந்தப் போராட்டத்தில்தான் ஒரு பிள்ளை தான் யார் என்று கண்டுகொள்கிறது. கடையில் வாங்கும் பொருள் இரண்டையும் ஒரே நொடியில் தீர்த்துவைப்பதாகச் சொல்லி, அந்தத் தேடலைப் பாதியில் நிறுத்துகிறது. 'செவன்டீன்' ஆசிரியர் ஹெலன் வாலன்டைன் பெண்களை நாளைய குடிமக்களாக மதித்தவர், உலக விவகாரங்களையும் எழுதவைத்தவர் என்பதும் நியாயமான மறுப்பு. அவருடைய அக்கறை உண்மையானது. ஆனால் அந்தப் பக்கங்களுக்குப் படியளந்தவர்கள் விளம்பரதாரர்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டவள் குடிமகள் அல்ல, டீனா.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் விளம்பரத்தை நம்புவதில்லை என்பது மூன்றாவது மறுப்பு. விளம்பரத்தைச் சந்தேகிக்கும் பிள்ளை, பக்கத்து இருக்கைத் தோழன் காலில் இருக்கும் ஷூவைச் சந்தேகிப்பதில்லை. டீனாவை உருவாக்கியவர்களுக்கு இது 80 ஆண்டுகளுக்கு முன்பே தெரியும். கைப்பேசி இன்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக ஒரு டீனாவை வரைகிறது. பெற்றோர் விளம்பரத்தை மறைத்தால் மட்டும் போதாது. பிள்ளைகளின் கூட்டத்துக்குள்ளேயே மாற்றுக் குரல் எழ வேண்டும். 1998-ல் ஃப்ளோரிடாவில் அந்தக் குரல்தான் எழுந்தது. அதே காப்பியடிக்கும் குணத்தைச் சிகரெட்டுக்கு எதிராகத் திருப்பினார்கள். அது எப்படி என்பதை அடுத்த வாரம் முழுதாகப் பார்ப்போம்.

(தொடரும்)