உஷார்! கோர்ட்டுக்குப் போகும் முன்பே கேஸ் செத்துவிடும்

ஜவ்வாது மலையிலிருந்தோ கல்வராயன் மலையிலிருந்தோ கூலி வேலைக்கென்று திருப்பதி பஸ் ஏறியவரை வழியில் போலீஸ் இறக்கிக்கொண்டு போய்விட்டதாகத் தகவல் வந்தால், "ரெண்டு நாள் பார்ப்போம்" என்று உட்கார்ந்துவிடாதீர்கள். பின்னால் ஒரு போலீஸ் அதிகாரி கூண்டில் ஏறுவாரா மாட்டாரா என்பது அந்த இரண்டு நாளிலேயே முடிவாகிவிடும்.

2015 ஏப்ரல் 7. சந்திரகிரி பக்கம் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி 20 தமிழர்களைச் சுட்டுக் கொன்றது ஆந்திர அதிரடிப்படை. கல்லும் கோடாரியுமாகத் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது. உயிர் பிழைத்து வந்த ஒருவர் வேறு கதை சொன்னார்: கூட வந்தவர்களை முந்தின நாளே போலீஸ் பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்டு போய்விட்டது, ஒரு பெண் பயணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால்தான் நான் தப்பினேன்.

அது உண்மையென்றால் நடந்தது என்கவுன்டர் இல்லை, கஸ்டடி சாவு. கஸ்டடி சாவை நீதித்துறை மாஜிஸ்திரேட்தான் விசாரிக்க வேண்டும். 'என்கவுன்டர்' என்று எழுதிவிட்டாலோ முதல் எஃப்ஐஆர் செத்தவர் தலையிலேயே விழும். சேஷாசலத்தில் அதுதான் நடந்தது. சுட்டவர்கள் மீது கொலை வழக்குப் பதிய அப்போதைய ஐதராபாத் உயர் நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. அதை விசாரிக்க அமைந்த சிறப்புக் குழுவும் ஆந்திர போலீஸ்தான்! உறவினர்கள் ஆறு உடல்களைத் தகனம் செய்யாமல் வைத்திருந்து போராடியதால் அவற்றுக்கு மறு பிரேதப் பரிசோதனை கிடைத்தது. எரிந்துபோன உடலிடம் யார் என்ன கேட்க முடியும்?

இதற்கு மாறாக, சாத்தான்குளத்தைப் பாருங்கள். 2020-ல் போலீஸ் பிடித்துப்போன தந்தையும் மகனும் இறந்த பிறகு ஸ்டேஷனுக்குப் போன மாஜிஸ்திரேட், ஒரு டெராபைட் இடம் இருந்தும் சிசிடிவி பதிவு அன்றன்றைக்கே அழியும்படி வைத்திருந்ததைக் கண்டார். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்த ஸ்டேஷனையே வருவாய்த் துறை கட்டுப்பாட்டில் கொண்டுவரச் சொன்னது. தலைமைக் காவலர் ரேவதி துணிந்து சாட்சி சொன்னார். அந்த வேகம் இல்லாதிருந்தால் சிபிஐ வந்தும் கையில் என்ன மிஞ்சியிருக்கும்?

இன்னொரு பக்கமும் உண்டு. 2019-ல் ஐதராபாத்தில் பாலியல் கொலை வழக்கில் பிடிபட்ட நான்கு பேரைச் சுட்ட போலீஸுக்கு ஒரு கூட்டம் பூத்தூவியது. பிறகு உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் கமிஷன் அது திட்டமிட்ட துப்பாக்கிச் சூடு என்றது. அதே கூட்டம் நாளை அந்த போலீஸையே "தூக்கில் போடு" என்று கத்தினாலும் ஆபத்துதான். குற்றம் சாட்டப்பட்ட அதிகாரிக்கும் சாட்சியத்தை வைத்துத்தான் தீர்ப்பு வர வேண்டும். கூச்சலை வைத்து அல்ல.

ஆகவே பஸ் டிக்கெட், ஏறிய நேரம், கூட்டிப்போன மேஸ்திரியின் போன் நம்பர், எதையும் தொலைக்காதீர்கள். பிடித்த 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியே ஆக வேண்டும். நிறுத்தவில்லையா, ஆந்திர உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். இலவச வக்கீலுக்கு 15100 என்ற எண்ணில் அழையுங்கள். எஸ்.பி.க்கு மனு அனுப்பும்போது கவனம்: 2022-க்குப் பிறகு சந்திரகிரி திருப்பதி மாவட்டம், சித்தூர் அல்ல. தெலுங்கில் எழுதிய தாளை நீட்டினால், படித்துச் சொல்ல ஆள் வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். உடலைச் சீக்கிரம் வாங்கிப் போகச் சொன்னால், பிரேதப் பரிசோதனையை வீடியோ எடுத்தார்களா என்று எழுத்தில் கேளுங்கள்.