குதிரைவீரன் பொறித்த வெள்ளிக் காசு

ஐரோப்பாவின் தென்மேற்குக் கோடியில் உள்ள ஐபீரியத் தீபகற்பத்தில், இன்றைய ஸ்பெயின் நாட்டின் வடநடுப்பகுதியில், ஏறத்தாழ 2200 ஆண்டுகட்கு முன் வீறுமிக்க குடியினர் வாழ்ந்தனர். அவரைக் கெல்திபேரியர் என்பர் வரலாற்று நூலார். கெல்தியக் குடும்பத்து மொழியொன்று அவர்தம் தாய்மொழி. அவர் இயற்றிய நூல் ஒன்றேனும் நமக்குக் கிடைத்திலது. அவரைப் பற்றி நாம் அறிவனவற்றுட் பெரும்பகுதி, அவரை வென்ற உரோமர் சார்பில் எழுதப்பட்டதே. வென்றவர் கூற்றை மட்டும் கேட்டுத் தோற்றவரை அறிந்துகொள்ள இயலுமோ? கெல்திபேரியர் தாமே தம் மொழியில் பொறித்து வைத்தவை சில வெண்கலத் தகடுகளும், அவற்றினும் மிகப் பலவாகிய காசுகளும் ஆகும்.

அவர்தம் வெள்ளிக் காசு விரல் நகத்தினும் சற்றே பெரியது. எடை 4 கிராமுக்குச் சிறிது குறையும். தெனாரியஸ் என்னும் உரோம வெள்ளிக் காசின் எடையை ஒட்டியே இது அடிக்கப்பட்டது. ஒருபுறம் சுருண்ட மயிருடைய ஆடவன் தலை. மறுபுறம் பாயும் குதிரைமேல் ஈட்டி நீட்டிய வீரன். குதிரையின் காலடியில் ஒரு கோடு. அதன்கீழ் காசினை வெளியிட்டோர் பெயர். துரியாசு, செகோபிரிகெஸ், அரெகோராதா என்பன அப்பெயர்களுட் சில. இரண்டு அச்சுகளுக்கு இடையே வெள்ளி வில்லையை வைத்துச் சம்மட்டியால் அடிப்பர். அடி பிறழ்ந்தால் ஈட்டி முனையோ எழுத்தின் விளிம்போ வில்லைக்கு அப்பாற் போய்விடும். ஆதலின் ஒரே ஊர்க் காசுகளிலும் ஒன்றைப்போல் ஒன்று இராது.

அவ்வெழுத்துகளை நெடுங்காலம் எவராலும் செவ்வனே படிக்க இயலவில்லை. தரகோனா நகரத்துப் பேராயர் அந்தோனியோ அகுஸ்தீன், பழங்காசுகளைப் பற்றி எழுதிய நூல் 1587-இல் வெளிவந்தது. அதற்குப்பின் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகக் கற்றோர் பலர் காசுகளைத் தொகுத்து வந்தும் புதிர் முற்றும் அவிழவில்லை. 1920-களில் மனுவேல் கோமெஸ் மொரேனோ என்னும் ஸ்பானிய அறிஞரே அதனை அவிழ்த்தார். அவ்வெழுத்தின் இயல்பைத் தமிழ் மாணவர் எளிதில் உணரலாம். உயிருக்குத் தனி வடிவம் உண்டு. ர, ல, ன, ச போன்ற ஒலிகள் மெய்யாகவே தனித்து நிற்கும். க, த, ப ஒலிகளோ நம் உயிர்மெய் போல உயிரோடு சேர்ந்தே ஒரு வடிவு கொள்ளும். 'கடல்' என்பதிலும் 'தங்கம்' என்பதிலும் வரும் ககரம் ஒலியால் வேறாயினும் வடிவால் ஒன்றே அன்றோ? அவர்தம் எழுத்திலும் பெரும்பான்மை அவ்வாறே. ஆயின் நமக்கு ஒலி வேறுபாட்டை இடம் காட்டும்; அங்கே சொல்லை முன்னறிந்தவனே சரியாகப் படிப்பான்.

செகைசா என்னும் பெயர் பொறித்த காசுகள் செகேதா நகரத்தன. அந்நகரத்தார் தம் மதிலை விரித்துக் கட்டலாயினர். கி.மு. 179-இல் செய்த உடன்படிக்கைக்கு இது மாறு என்றது உரோம். "புதிய நகர் எடுத்தலையே அது விலக்கிற்று, உள்ள நகரைக் காத்தலை அன்று" என்பது அவர் விடை. கி.மு. 154-இல் பூசல் முற்றியது. உரோமப் பெருந்தலைவர்கள் மார்ச்சுத் திங்களிற் பதவி ஏற்பது அந்நாள் வழக்கம். போருக்கு விரைந்து புறப்படவேண்டி, கி.மு. 153-இல் அதனைச் சனவரி முதல் நாளுக்கு மாற்றினர். ஒரு சிற்றூர் மதிலால் உரோமரின் ஆட்சியாண்டுத் தொடக்கமே இடம் பெயர்ந்தது! செகேதா மக்கள் நுமாந்தியாவில் அடைக்கலம் புகுந்தனர். அந்நகரும் நெடிய முற்றுகையால் பசித்து மெலிந்து கி.மு. 133-இல் வீழ்ந்தது.

இக்காசுகளை அடித்தது உரோமருக்குத் திறை செலுத்தவோ, படைவீரர்க்கு ஊதியம் அளிக்கவோ என்பதில் அறிஞர் கருத்து வேறுபடுவர். எதுவாயினும், செர்த்தோரியஸ் என்னும் உரோமத் தலைவன் ஸ்பெயினில் தங்கி, உரோமை எதிர்த்துப் போரிட்ட காலத்தில், கி.மு. 72 வரை, இவை மிகுதியாக வழங்கின. அப்போரில் அஞ்சியோர் தம் பொருளை மண்ணிற் புதைத்தனர். பலெந்சுவேலா என்னும் ஊரில் 1945-இல் ஒரு புதையல் வெளிப்பட்டது. அதில் இருந்த வெள்ளிக் காசுகள் 2600-க்கும் மேற்பட்டவை. புதைத்தவர் மீண்டு வந்திலர் என்பதற்கு அப்புதையலே சான்று.

காசு தொகுப்போர் இதனைக் கருதுதல் வேண்டும். எந்த ஊரில், எவ்வளவு ஆழத்தில், எவற்றோடு கிடந்தது என்னும் செய்தி நீங்கிய காசு, தலைப்பும் முடிவும் கிழிந்த ஏடு போன்றது. உலோகம் காட்டும் கருவிகொண்டு இரவில் தோண்டி விற்போர் அழிப்பது அச்செய்தியையே. ஸ்பெயின் நாட்டின் 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி மண்ணிற் கிடைக்கும் தொல்பொருள் பொதுவுடைமை. போலிகளும் உண்டு; செம்பின்மேல் வெள்ளி பூசி ஏமாற்றும் தொழிலை முற்காலத்தவரே தொடங்கிவிட்டனர்! அவற்றை எடை காட்டிக் கொடுக்கும்.

கெல்திபேரிய நிலத்தின் எல்லைக்கு அப்பால் இருந்த போல்ஸ்கான் நகரமும் தாடியுடைய தலையும் குதிரைவீரனும் பொறித்த காசுகளை ஏராளமாக வெளியிட்டது. உரோமர் அதனை ஒஸ்கா என்றனர். கி.மு. 39-ஐ ஒட்டித் தொமித்தியஸ் கால்வினஸ் என்னும் உரோம ஆளுநர் அவ்வூரின் பெயரால் வெள்ளிக் காசு அடித்தார். முன்புறத்தில் அந்தப் பழைய தாடித் தலையே உளது. அருகில் உள்ள பெயரோ இலத்தீன் எழுத்து. மறுபுறத்தில் உரோமப் பூசகரின் கருவிகள் நிற்கின்றன, குதிரைவீரன் இல்லை.